பலகை தொங்கிய வாரம்

என் அப்பா கோட்லோப் ரீக்கருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, பராமரிப்புக் காப்பீட்டுப் பணத்தில் மேட்டுத் தெரு முதியோர் இல்லத்தில் போய்ச் சேர வேண்டும். இன்னொன்று, தனக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊரே நம்ப வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா ஸ்டுட்கார்ட்டில் டிராம் ஓட்டியே காலம் கழித்தவர்.

"எந்த வண்டியில எது ஏறும்னு எனக்குத் தெரியும், ரோஸ்விதா. நீ பன்னு விக்கிற வேலையைப் பாரு" என்றார்.

இல்லத்தின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி ஃபிரிடோலின். அவர் அங்கே குடியேறிய பிறகு அப்பாவுக்கு பினோக்கல் ஆட ஆளில்லை. ஃபிரிடோலினின் பக்கத்து அறை காலியாயிற்று. மாதக் கடைசி வரை அறையை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று நிர்வாகி அம்மாள் சொல்லியிருந்தார். ஆனால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்து, கேட்டு, ஐந்து நிலைகளில் ஒன்றைக் கொடுப்பார். இரண்டாம் நிலையாவது கிடைத்தால்தான் இல்லத்துக்குப் பணம். இல்லாவிட்டால் அப்பாவின் ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு அந்த இல்லத்தின் அழைப்பு மணியை அடித்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான்.

"சம்பளத்துல பிடிச்சான். பென்ஷன்லயும் பிடிக்கிறான். ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கேனா? இப்பக் கேக்குறேன். குடுக்கட்டும்."

"அதுக்கு உங்களால என்ன முடியலைன்னு சொல்லணும்பா."

"முடியலைன்னு யார் சொன்னா?"

நான்தான் சொன்னேன். அவர் வீங்கிய கால்களில் தினமும் இறுக்கக் காலுறை மாட்ட வேண்டும். நல்ல பாம்புக்குப் பாவாடை கட்டுவது அதைவிடச் சுலபம். பேக்கரிக்குப் போகும் முன் மலையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போகிறேன். சாயங்காலம் கழற்ற வருகிறேன். அடுப்பை அணைத்தாரா, குளியலறையில் விழாமல் இருக்கிறாரா என்று நடுவில் போன் போடுகிறேன். என் முதுகைப் பார்த்த மருத்துவர், "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே குனிஞ்சீங்கன்னா, அப்பாவுக்கு முன்னாடி நீங்க அந்த இல்லத்துக்குப் போயிடுவீங்க" என்றார்.

இதற்கெல்லாம் மேலே மாடிப்படி. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு சின்ன மரப் பலகை உண்டு. அது எந்தக் கதவில் தொங்குகிறதோ, அந்த வீட்டுக்காரருக்கு அந்த வாரம் படியைப் பெருக்கித் துடைக்கும் முறை. வாரம் முடிந்ததும் பலகை அடுத்த கதவுக்குப் போகும். ஆள் செத்தாலொழிய முறை தப்பாது. செத்தாலும், அந்த வாரத்தைத் துடைத்துவிட்டுச் செத்திருக்கலாமே என்று சொல்லக்கூடிய ஒருவர் எங்கள் கட்டடத்தில் இருந்தார். கீழ்மாடி ஹம்மல் அம்மாள். அப்பாவின் தரைதான் அவருடைய கூரை.

அப்பாவால் குனிய முடியாமல் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் அது ஹம்மல் அம்மாளுக்குத் தெரியக் கூடாது. அதனால் ஓர் ஏற்பாடு. நான் சத்தமில்லாமல் துடைப்பேன். அப்பா மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைத்தடியால் வாளியைத் தட்டி, "ம்ம், இந்த மூலையில என்ன அழுக்கு" என்று சத்தமாக அலுத்துக்கொள்வார். நடுநடுவே வேலை செய்து களைத்தவர்போல் மூச்சு வாங்குவார். உண்மையில் மூச்சு வாங்குவது எனக்குத்தான்.

காப்பீட்டு அம்மாள் வரும் புதன்கிழமை, பலகை எங்கள் கதவில் தொங்கியது.

அன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது அப்பா என் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டும் டையுமாக நின்றார். முகத்தைச் சவரம் செய்திருந்தார், அதற்குச் சாட்சியாக மூன்று இடங்களில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. அவருடைய நாலு சக்கர நடைவண்டியைக் காணவில்லை. வரவேற்பறையில் மட்டும் புதிதாக ஒரு மேஜை முளைத்திருந்தது. அதன் மேல் பூப்போட்ட விரிப்பு, விரிப்பின் மேல் பின்னல் ரொட்டி.

"அப்பா, வண்டி எங்க?"

"எந்த வண்டி?"

"காலுறை போட்டுவிடறேன், உக்காருங்க."

"போட்டாச்சு" என்று பேன்ட் நுனியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கறுப்பாகத்தான் தெரிந்தது. எப்படிப் போட்டார் என்று கேட்பதற்குள் மணி அடித்தது.

வந்தவர் பெயர் வீப்கே யான்சன். வடக்கே கடற்கரைப் பக்கத்துக்காரர், இங்கே வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வெளியே பனி உருகித் தெருவெல்லாம் சேறு. அவருடைய பூட்ஸிலும் சேறு. அப்பாவின் கண் பூட்ஸைப் பார்த்தது, பிறகு படியைப் பார்த்தது, பிறகு அவருக்கு லேசாக வியர்த்தது.

"உள்ள வாங்க மேடம்" என்றார், நெஞ்சில் கத்தி வாங்கியவர் குரலில்.

யான்சன் அம்மாள் உட்கார்ந்து கையிலிருந்த கோப்பைப் புது மேஜையில் வைத்தார். மேஜை மெல்ல நகர்ந்தது. பின்னல் ரொட்டியோடு அறையைக் கடந்து, பால்கனிக் கதவை முட்டி நின்றது.

அப்பா அசரவில்லை. "பழைய வீடு. தரை கொஞ்சம் சரிவு."

கேள்விகள் ஆரம்பமாயின.

"குளிக்கும்போது யாராவது உதவி பண்றாங்களா?"

"ஞானஸ்நானத்துக்கு அப்புறம் என்னை யாரும் குளிப்பாட்டினதில்ல."

"செவ்வாயும் வெள்ளியும் நான்தான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இவ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் மேடம். கொசு கடிச்சா பாம்புன்னுவா."

"சமையல்?"

"பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும் நானே பண்றேன்."

போன வாரம் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ் மாவைத் தபால்பெட்டியில் வைத்துவிட்டுத் தபாலைக் கொதிக்க வைத்தவர் அவர். அதை நான் சொன்னபோது, "மின்சாரக் கட்டணம். அதுக்கு அதுதான் சரி" என்றார். யான்சன் அம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்பதைப் பார்த்து அப்பாவுக்கு உற்சாகம் ஏறியது. எனக்கு முதுகு வலித்தது.

"படியில ஏறி இறங்க முடியுதா?"

"முடியுதாவா? நான்தான் பெருக்குறேன். கதவுல பலகை பாக்கல?"

"ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். வீடு வாடகைக்கா?"

எங்கள் ஊரில் இப்படி ஒருவர் கேட்டு அப்பா கேட்டதில்லை. பலகை என்றால் என்ன என்று அவர் நீளமாக விளக்கினார். வாளி, துடைப்பம், ஓரம், மூலை என்று எதையும் விடவில்லை. அந்த அம்மாளும் சிரத்தையாகக் குறித்துக்கொண்டார். வாராவாரம் மாடிப்படி துடைக்கும் கிழவனுக்கு எந்த நிலை கிடைக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பேனாவை மூடிவிட்டு அவர் எழுந்தார். "உங்க வயசுல இவ்வளவு திடமா யாரையும் பாத்ததில்ல, ரீக்கர் ஐயா. முதல் நிலைக்கே புள்ளி தேறுமான்னு தெரியல. சந்தோஷப்படணும் நீங்க."

அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் மெல்ல இறங்கியது.

"அப்ப அந்த அறை?"

"எந்த அறை?"

"ஃபிரிடோலினுக்குப் பக்கத்து அறை."

"நீங்கதான் நல்லா இருக்கீங்களே. இல்லம் எதுக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். சில்லறை வாங்காமல் டிராமை எடுத்துவிட்டவர் மாதிரி ஒரு முகம். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமி, "ரொட்டி ஒரு துண்டு எடுத்துக்கங்க" என்றார்.

நாங்கள் கதவைத் திறந்தபோது எதிரே ஹம்மல் அம்மாள், இடுப்பில் கை.

"ரீக்கர் ஐயா, படியைப் பாத்தீங்களா? வாசல்லேர்ந்து உங்க கதவு வரைக்கும் சேறு. யாரோ மாட்டை ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க."

யான்சன் அம்மாள் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"இப்பவே துடைச்சிடறேன்" என்றார் அப்பா.

"நீங்களா? நீங்க என்னைக்குத் துடைச்சீங்க? துடைக்கிறது ரோஸ்விதா. நீங்க வாளியில தாளம் போடறீங்க."

அப்பாவின் முகத்திலிருந்து ஒரு காகிதத் துணுக்கு உதிர்ந்தது. "அபாண்டம்."

"நீங்க துடைச்ச காலத்துல மூலையெல்லாம் அழுக்கா இருந்துச்சு. இப்ப மூலை பளபளங்குது. எனக்குத் தெரியாதா?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அப்பா பொறுத்திருப்பார். மூலையைச் சொன்னதும் பொறுமை போனது. நான் தடுப்பதற்குள் கதவோரம் வாளியில் ஊறிக்கொண்டிருந்த துடைப்பானை உருவிக்கொண்டு படியில் இறங்கிவிட்டார். முதல் படியைத் துடைத்தார். இரண்டாவது படியின் மூலையை எட்டுவதற்காக மண்டியிட்டார். ஒரு அரசு விழாவில் பதக்கம் வாங்குகிறவர்போல் கம்பீரமாகத்தான் மண்டியிட்டார். எழுந்திருக்கத்தான் இல்லை.

"அப்பா?"

"மூலையைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எழுந்திரிங்க."

"அவசரம் என்ன."

பேன்ட் மேலே ஏறியிருந்தது. ஈரத்தில் தேய்ந்து கணுக்காலிலிருந்து கறுப்பு வழிந்து, படியெல்லாம் மையாகிக்கொண்டிருந்தது. காலுறை இல்லை. காலில் ஷூ பாலிஷ் பூசியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. என்னைக் கூப்பிடாமல் காலுறை போட்டுக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

யான்சன் அம்மாள் பையைத் திறந்து பேனாவை மறுபடி எடுத்தார். கோட்டு நனைவதைப் பார்க்காமல் படியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரீக்கர் ஐயா, இன்னொரு தடவை கேக்கட்டுமா?"

அப்பா படியைப் பார்த்தபடி, "ரோஸ்விதா, நீ அதுக்குள்ள அந்தச் சேத்தைத் துடைச்சிடு" என்றார். அது சம்மதம்.

"ராத்திரியில எழுந்திருப்பீங்களா?"

"எப்பவாவது."

"எப்பவாவதா?" என்றார் ஹம்மல் அம்மாள். "ராத்திரி முழுக்கப் படுக்கைக்கும் குளியலறைக்கும் டிராம் ஓடுது. ரெண்டு தடவை விழுந்தாரு. என் வீட்டு விளக்கு ஆடி நிக்க நேரமாச்சு."

"ஒட்டுக் கேக்குறீங்களா?"

"கூரை தலையில விழுற மாதிரி சத்தம் வந்தா காதைப் பொத்திக்கணுமா?"

"குளியல்?"

"மக வர்ற நாள்லதான். இவர் கத்துற கத்துல பன்னியைக் குளிப்பாட்டுறாங்கன்னு நெனப்பேன். அடுப்பை அணைக்க மறந்து கருகுற நாத்தம் வந்தா நான்தான் கைத்தடியால கூரையைத் தட்டுவேன். எழுதுங்க மேடம்."

கேள்வி அப்பாவுக்கு, பதில் கீழ்மாடியிலிருந்து. அப்பா ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்புத் தெரிவித்தார், ஆனால் ஒன்றையும் மறுக்கவில்லை. கடைசியில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினோம். யான்சன் அம்மாள் பால்கனிக் கதவோரம் நின்ற மேஜையைத் தள்ளிக்கொண்டு வந்து, ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு, விரிப்பை உருவி அப்பாவின் கையில் வண்டியைக் கொடுத்தார்.

"தரை சரிவு இல்ல போல" என்றார்.

"இன்னைக்கு இல்ல" என்றார் அப்பா.

மூன்றாம் நிலை கிடைத்தது. மாதம் முடியும் முன் அப்பா குடிமாறினார். அவருக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். "மூணுன்னா கொஞ்சம் ஜாஸ்தி. ரெண்டே போதும்னு எழுதிப் போடலாமா?" என்று கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. இப்போது அவருக்குக் காலுறை மாட்டுவது தோள் அகன்ற ஒரு பெண். பெயர் மாரியெட்டா. ஷூ பாலிஷ் கதை அவளுக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் இருக்கிறாள். என் முதுகு மெல்ல நிமிர்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஹம்மல் அம்மாள் போன் செய்தார். "பலகையைக் காணோம். உங்க அப்பா போனதுலேர்ந்து காணோம்."

சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. நடைக்கூடத்தில் ஃபிரிடோலினின் கதவில் தொங்கியது. உள்ளே ஃபிரிடோலின் கட்டிலில் உட்கார்ந்து வாளியைத் தட்டிக்கொண்டிருந்தார். துப்புரவுப் பெண் சத்தமில்லாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சீட்டைக் கலைத்தபடியே மேற்பார்வை பார்த்தார்.

"அடுத்த வாரம் பதினெட்டாம் நம்பர் அறை" என்றார் எங்களிடம். "இங்க ஒரு ஒழுங்கே இல்லாம இருந்துச்சு."

ஹம்மல் அம்மாள் சுவரோரமாக நடந்து, மூலையில் விரலைத் தேய்த்து, விரலைப் பார்த்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சீட்டு மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததையும் பார்த்தார். கிளம்பும்போது பலகையைக் கேட்கவே இல்லை.

வெளியே வாசல் படியில் இறங்கும்போது அவர் என் கையைக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வடக்கத்திப் பொண்ணு நம்பர் உன்கிட்ட இருக்கா? சும்மாதான் கேக்குறேன். எனக்கு ஒரு குறையும் இல்ல."

"இருக்கு. வர்ற வாரமே வரச் சொல்லட்டுமா?"

அவர் நின்று யோசித்தார்.

"வர்ற வாரம் வேண்டாம்" என்றார். "வர்ற வாரம் படி என் முறை."