சாட்சி நேரம்

கண்ணாடிக்காரர் மேசையில் கண்ணாடியைப் படுக்கவைத்து, அளவுகோலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் கட்டரை இழுத்தார். கீறலுக்கு அடியில் மெல்லத் தட்டிவிட்டு மேசை விளிம்புக்கு நகர்த்தி அழுத்தியதும் டக்கென்று இரண்டாகப் பிரிந்தது. கடை வாசலில் நின்றிருந்த பேத்தி குதித்துக் குதித்துக் கை தட்டினாள். "தாத்தா, இன்னொண்ணு!" என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வேண்டிய அளவு வெட்டியாகிவிட்டது. ஆனாலும் மிச்சம் கிடந்த துண்டை எடுத்து, அது என்ன பாவம் செய்ததோ, அதையும் இரண்டாக்கினார். பேத்தி உள்ளே ஓடிவரப் பார்த்தாள். பின்னால் நின்ற மகளின் கை அவள் தோளில் இருந்தது. அந்தக் கை நகரவில்லை.

மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்றதும் மகள் வந்திருந்தாள். கல்யாணமாகிப் போனபின் இந்த வீட்டில் இரவு தங்குவது இதுதான் முதல் தடவை. வந்த நாளிலிருந்து வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சமைத்தாள், துவைத்தாள், அம்மாவைப் பிடித்து நடக்கவைத்தாள், அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள். ஆனால் பிள்ளையை மட்டும் அவரோடு தனியாக விடவில்லை. குளிக்கப் போனால் பிள்ளை பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்திருக்கும். மருந்துக்கடைக்குப் போனால் பிள்ளையும் கூடவே போகும். மாடியில் துணி காயப்போட்டால் பிள்ளைக்கும் மாடியில்தான் விளையாட்டு. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எதையாவது தொடும்போதுதான் சுருக்கென்று குத்தும். பேத்தி சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு அப்படிக் குத்தியது.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. மகள் ஒரு தடவை, "இவளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். கால் மணி நேரம் போதும். கெஞ்சிக் கேட்டு வாங்குகிற விஷயமா அது? தானாக வர வேண்டும்.

மகளுக்கு இடது காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் அடித்த அடி அது. அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர், பொருத்திய நிலைக்கண்ணாடியைக் கோணல் என்று சொல்லிக் கழற்றவைத்து, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்தால் மகள் ஃபோனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது. அவ்வளவுதான். அவளுக்கு வலி என்றபோது, "ரெண்டு சொட்டு மருந்து விடு, சரியாயிடும்" என்றார். சரியாகவில்லை. சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, மனைவிதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்நேரம் கண்ணாடிக்காரர் கடையில் இருந்தார்.

மகள் கல்யாணமாகிப் போய், திரும்பியே வராமல் இருந்த காலத்தில்தான் அவர் ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். எழுந்தபோது மனசு கழுவிவிட்டது மாதிரி இருந்தது. அது பொய்யில்லை. அதன்பிறகு அவர் யார்மேலும் கை வைத்ததில்லை. கோபம் வந்தால் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொள்வார், ரத்தம் உப்புக்கரிக்கும்வரை. சபையில், ஆண்டவர் தங்களை மாற்றியதை ஒவ்வொருவரும் எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில், மகளை அடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கூட்டமே உருகிப்போனது. அடுத்த மாதம் வேறொரு சபையில் கூப்பிட்டுச் சொல்லச்சொன்னார்கள். பிறகு உபவாசக் கூட்டத்தில், வாலிபர் கூட்டத்தில். சொல்லச் சொல்லச் சம்பவம் மெருகேறியது. சட்டைக் காலரில் ரத்தம் வழிந்தது. மகளை அவரே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எந்த மாதத்திலிருந்து அவர் ஓட ஆரம்பித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இப்போது கண்ணை மூடினால் அந்தத் தெருவும், கையில் கனத்த பிள்ளையும், இரைக்கிற மூச்சும் நேரில் நடந்தது போலவே இருந்தன.

மனைவி மட்டும் கேலி செய்வாள். "உங்க கோபம் போயிடுச்சுன்னு ஊருக்கெல்லாம் தெரியுது. எனக்குத்தான் இன்னும் தகவல் வரல." ஏனென்றால் வீட்டில் அவர் கை ஓங்குவதில்லையே தவிர, பேசாமல் இருந்தே ஆளைக் கொல்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் கடைக்குள் வந்து, எப்போதும்போல வலது காது அவர் பக்கம் இருக்கும்படி முக்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளை அவள் மடியில் இருந்தது.

"நாளைக்கு நானும் சர்ச்சுக்கு வரேன். அம்மாவால தனியா படி ஏற முடியாது."

"வாம்மா, வா. எல்லாரும் உன்னைக் கேட்டுட்டே இருக்காங்க."

"அதான் பயமா இருக்கு." அவள் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே பேசினாள். "எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் ஃபோன்ல ஒரு வீடியோ காட்டினாங்க. பாரேன், என்ன அருமையான சாட்சின்னு. பாத்தா நீங்க. அதுல வர்ற பொண்ணு நான்தான்னு அவங்களுக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு பாவம்னு சொல்லி அழுதாங்க. நான் உள்ள போய் அவங்களுக்கு டீ போட்டு எடுத்துட்டு வந்தேன்."

கண்ணாடிக்காரர் அளவுகோலை எடுத்து மேசை விளிம்போடு சேர்த்து வைத்தார்.

"அது என் காது. உங்க சாட்சி இல்ல. இனிமே அதைச் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்மா. சத்தியமா சொல்ல மாட்டேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். சொல்லாம இருந்தா போதும்." அவள் பிள்ளையின் கையை அறுபட்ட கண்ணாடித் துண்டுகளிடமிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த மாசம் பாப்பாவுக்கு லீவு. எனக்கு லீவு கிடைக்காது. இங்க விட்டுட்டுப் போலாமான்னு ஒரு யோசனை இருக்கு. நாளைக்கு சர்ச் முடியட்டும், சொல்றேன்."

அவள் எழுந்து போனதும் கண்ணாடிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துண்டுகள் இல்லாத இடமாகப் பார்த்து முழங்காலிட்டார். லீவு முழுக்கப் பேத்தி! ஒருகாலத்தில் கையைக் கட்டிப்போடும் ஆண்டவரே என்று கேட்டவர், அன்றைக்கு நாக்கைக் கட்டிப்போடும் என்று கேட்டார். இது எவ்வளவு சுலபம் என்றும் தோன்றியது. ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். கோபத்தையே ஜெயித்தவனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டு எழுந்தார்.

சபை, ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் ஃபேன்கள், அடிக்கடி இரைகிற மைக். மகள் அம்மாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றிக் கூட்டிவந்து, பெண்கள் பக்கம் நடு வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்தாள். பாஸ்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன், சூதுவாது தெரியாது. அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது இச்சையடக்கம். சாப்பாட்டில் அடக்கம், ஃபோனில் அடக்கம், பேச்சில் அடக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவும் வைத்தார். கடைசியில் கோபத்துக்கு வந்தார்.

"இதுக்கு நம்ம சபையிலயே உயிருள்ள உதாரணம் இருக்கு. பிரதர், வாங்க. வந்து சாட்சி சொல்லுங்க."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டியிருந்தால் விட்டிருப்பார்கள். கால்கள் எழுந்து நடந்தன. மைக்கை வாங்கி, மனைவியின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொன்னார். டாக்டருக்காகவும் நன்றி சொன்னார். அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆண்கள் பக்கம் ஒருவர் கொட்டாவி விட்டார். தான் மைக் பிடித்து யாரும் கொட்டாவி விட்டு அவர் பார்த்ததேயில்லை. இந்த மேடையை விட்டு இறங்கினால் தான் சாதாரணக் கண்ணாடி வெட்டுகிறவன்தான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"அந்தச் சம்பவத்தைச் சொல்லுங்க பிரதர்," என்றார் பாஸ்டர் உற்சாகமாக. "இன்னைக்கு சிஸ்டர் அவங்களே வந்திருக்காங்க!"

எல்லாத் தலைகளும் திரும்பின. மகள் அவரைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். காதைப் பற்றி மட்டும் சொல்லாமல் மற்றதைச் சொல்லிவிடலாம், ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தார்.

"நான் ஒரு கோபக்காரனா இருந்தேன்," என்று ஆரம்பித்தார்.

"ஆமென்!"

அந்த ஒரு ஆமென் போதுமானதாக இருந்தது. அதன்பிறகு வார்த்தைகளுக்கு அவர் தேவைப்படவில்லை. வீட்டுப் படிக்கட்டில் இருட்டிலும் இறங்குகிற கால்கள் மாதிரி அவை தாமாக இறங்கிப் போயின. நிலைக்கண்ணாடி வந்தது, ஃபோன் சிரிப்பு வந்தது. அவருடைய கை தானாக எழுந்து இடது காதைத் தொட்டது. காலரில் ரத்தம் வழிந்தது. அவர் மகளை ஏந்திக்கொண்டு ஓடினார். ஓடும்போது வழக்கம்போல அழுதார். நிஜமான அழுகை, அதில் கலப்படம் இல்லை. கூட்டம் எழுந்து நின்றது.

பாஸ்டர் கண்களைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய், "இன்னைக்கு அந்தக் காது திறக்கணும்னு விசுவாசிக்கிறவங்க கையை நீட்டுங்க" என்றார். பெண்கள் மகளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் தலையைச் சாய்த்துப் பிடித்தாள். இன்னொருத்தி அந்தக் காதுக்கு மேல் உள்ளங்கையை வைத்து உரக்க ஜெபித்தாள். பிள்ளை வீரிட்டு அழ ஆரம்பித்தது. மகள் யாரையும் தள்ளவில்லை, கத்தவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க, பிள்ளை பயப்படுது" என்று மட்டும் சொன்னாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். சந்தோஷத்தில் அழப் போகிறாள் என்று நினைத்து அவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

கண்ணாடிக்காரர் மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மகளின் பை கட்டிலில் திறந்து கிடந்தது. அவள் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அறை வாசலில் நின்றார்.

"எனக்கே தெரியாம வந்துடுச்சும்மா."

மகள் நிமிரவில்லை. "அடிச்ச அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாலு வார்த்தை கேட்டு, கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார். அதில் அவருக்குப் பழக்கம் உண்டு. ஆனால் அவள் பையை மூடிவிட்டு, மாத்திரை எந்த வேளைக்கு எது என்று அம்மாவுக்கு இன்னொரு தடவை சொல்லிவிட்டு, அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். மனைவி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "தூக்கிட்டு ஓடினது நான். அதையாவது ஒருநாள் திருத்திச் சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவர் பேருந்து நிலையம்வரை பின்னாலேயே போனார். மகள் வராதீர்கள் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பையைக் கேட்டார். பரவாயில்லை என்றாள். நடக்கும்போது ஒன்றிரண்டு தடவை பேச வாய் திறந்தார். தான் அவளுடைய இடது பக்கமாக நடந்துகொண்டிருப்பது தெரிந்து வலது பக்கம் போனார். போனபின் சொல்ல வேண்டியது எல்லாம் மறந்துவிட்டது. ஆண்டவர் மன்னித்ததாகத்தான் இத்தனை வருஷமும் நம்பினார். மன்னிக்கப்பட்டவனுக்கு ஏன் இன்னும் இப்படி நடக்கிறது என்று யாரைக் கேட்பது? அதற்குள் பேருந்து நிலையம் வந்துவிட்டது.

பேருந்து வந்து நின்றதும் கூட்டம் முண்டியடித்தது. பெரிய பையும் கையில் பிள்ளையுமாக ஏற முடியாது. மகள் சுற்றிலும் பார்த்தாள். கண்ணாடிக்காரர் ஒரு கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார், இரண்டு கையும் சும்மா இருந்தது. மகள் அவரைத் தாண்டி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போனாள்.

"அக்கா, இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? பையை ஏத்தி, சீட் பிடிச்சுட்டு வந்துடறேன்."

அந்தப் பெண் அவரையும் மகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். மகள் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

பிள்ளை அந்தப் பெண்ணின் பை ஜிப்பை இழுத்து விளையாடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு பேருந்து வந்து, கண்டக்டர் விசில் ஊதினார். அந்தப் பெண் பதறி எழுந்தாள். "ஐயோ, என் பஸ்ஸு! அய்யா, நீங்க இந்தப் பிள்ளைக்குத் தாத்தாதானே? இந்தாங்க, பிடிங்க," என்று பிள்ளையைத் தூக்கி நீட்டினாள்.

"தாத்தா!" என்றது பிள்ளை.

எத்தனை நாள் ஆசை. ஆனால் நீட்டுவது மகள் இல்லை. பிள்ளையின் தலை எண்ணெய் வாசம்கூட அவர்வரை வந்தது. கண்ணாடிக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவ வந்துடுவா. இப்ப வந்துடுவா," என்றார். பிறகு பேருந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஜன்னல் வழியாக மகளின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. இடது பக்கம். அவர் இன்னும் பலமாகக் கூப்பிட்டார். அவள் மேல்தட்டில் பையை அழுத்தித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன மனுஷன்யா நீ? கையை நீட்டேன்!" என்றாள் அந்தப் பெண். அவளுடைய பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. பிள்ளையின் கனத்தில் அவள் கைகள் கீழே இறங்கின. அந்தரத்தில் தொங்கிய பிள்ளை கால்களை உதைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, அவர் பக்கமாக முழு உடம்போடும் சாய்ந்தது.