மூன்று பேர் இருந்தால் நிற்கும்

அஹமது கபீர் கூச்சிங்கில் அதிகாலை சுபுஹு நேரத்தில் மௌத்தானார். செய்தி சிங்கப்பூர் டன்லப் தெருவுக்கு வந்தபோது மணி ஏழு. கீழே மளிகைக் கடை டெலிபோனில் மருமகன் ரவூப்தான் பேசினான். மாடியேறி வந்து மனைவியிடம் சொன்னான். அழுகை சற்று அடங்கியதும் நஃபீசா கேட்ட முதல் கேள்வி, "நானா போய்ச் சேர்ந்துருவாரா?" என்பதுதான்.

நானா என்றது பினாங்கிலிருந்த அவள் அண்ணன் யூசுப்பை. நாலு வருஷத்துக்கு முன்னால், வாப்பா பேசி முடித்த பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தன் மனசுக்குப் பிடித்தவளை நிக்காஹ் செய்துகொண்டவன். அன்றோடு தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. வருகிற பெருநாளைக்குப் போய் வாப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று போன மாதம்தான் தங்கைக்கு எழுதியிருந்தான்.

மையத்தை, வாப்பாவின் உடலை, பிற்பகல் அசர் தொழுகை வரைக்கும்தான் வைத்திருப்போம் என்று கூச்சிங்கில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் யூசுப் போனால் முகத்தைப் பார்க்கலாம். இல்லையென்றால் மண்ணைத்தான் பார்க்கலாம்.

"கண்டிப்பா போயிருவாரு," என்றான் ரவூப். "அவருக்கும் சொல்லியாச்சாம். பினாங்கு விமானம் பதினொன்னு இருபதுக்கு இறங்குது. கூச்சிங் விமானம் பன்னிரண்டு அஞ்சுக்கு. நடுவுல நாப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிருவீங்க."

அந்த நாற்பத்தைந்து நிமிஷம் அவன் கணக்கு. பாய லேபார் விமான நிலையத்தில், ஒரு விமானத்தில் வந்து இன்னொன்றில் போகிறவர்களைக் கவனிக்கும் மேசை அவனுடையது. மதியத்தை ஒட்டி நாலு விமானம் இறங்கும், நாலு ஏறும். இறங்குகிற ஒவ்வொன்றும் ஏறுகிற மற்றவற்றுக்கு ஆள் கொடுக்கவேண்டும். ஒன்று தாமதித்தால் நாலும் குலையும். கையில் கடிகாரத்தோடு ஒரு விமானத்தின் ஏணியிலிருந்து இன்னொன்றின் ஏணிவரை நடந்து பார்த்து அவன் போட்ட அட்டவணைதான் மேசைக்குப் பின்னால் தொங்கியது. "உங்க ஊருக்கு யாருமே வர்றதில்லையா? எல்லாரும் மாறிப் போறதுக்கு மட்டும்தானா?" என்று கல்யாணமான புதிதில் நஃபீசா கேலி செய்வாள். "மாறிப் போறவன் நம்பி வர்றான் பாரு, அதுதான் ஊருக்குப் பெருமை," என்பான் அவன்.

பத்து ஐம்பதுக்குக் கோலாலம்பூரிலிருந்து செய்தி வந்தது. பினாங்கு விமானம் மழையில் மாட்டி அங்கே நிற்கிறது. சிங்கப்பூரில் இறங்கப் பன்னிரண்டு பதிமூன்று ஆகும். அடியில் வழக்கம்போல், மாறிப் போகிறவர்கள்: கூச்சிங், ஒருவர்.

மேலாளர் சுந்தரம் எட்டிப் பார்த்தார். "கூச்சிங்குக்கு எத்தனை பேருப்பா?"

"ஒருத்தர்தான் சார்."

விதி இருவருக்கும் மனப்பாடம். மூன்று பேர் இருந்தால் கூச்சிங் விமானம் இருபது நிமிஷம் நிற்கும். அதற்குக் குறைந்தால் நிற்காது. கூச்சிங்குக்கு அப்பால் அது போகவேண்டிய சின்ன ஊரில் ஓடுபாதைக்கு விளக்குக் கிடையாது, இருட்டுமுன் இறங்கியாகவேண்டும்.

"அந்த ஒருத்தர் உன் மச்சானா?" சுந்தரம் குரலைத் தணித்துக்கொண்டார். "வேணும்னா மேல கேட்டுப் பார்க்கிறேன்லா."

"வேண்டாம் சார். நம்மகூட வேலை செய்யற அழகப்பன் தன் பெரியம்மாவுக்காக விமானத்தை நிறுத்தினப்ப, சொந்தத்துக்கு ஒரு விதியான்னு நான்தான் முதல்ல சிரிச்சேன்."

சுந்தரம் தன் அறைக்குத் திரும்பினார்.

இன்னொரு வழி இருந்தது. பினாங்கு அலுவலகம் ஒரே டிக்கெட்டாக எடுத்தவர்களை மட்டும்தான் மாறிப் போகிறவர்களாக எழுதும். இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே வாங்கியவர்களைச் சேர்க்காது. அதனால் ஒருவர், இருவர் என்று வந்தாலே ரவூப் கோலாலம்பூருக்கு டெலிபோன் செய்து, "எல்லாரையும் ஒருதடவை கேட்டுப் பாருங்க," என்பான். கேட்டால் சிலசமயம் மூன்று பேர் தேறும். முன்பின் தெரியாதவர்களுக்காக எத்தனையோ முறை செய்திருக்கிறான். இன்றும் கை டெலிபோனுக்குப் போனது. சொந்தத்துக்காக ஆள் தேடுகிறான் என்று அந்தப் பக்கம் நினைத்துவிட்டால்? கையை எடுத்துக்கொண்டான்.

பன்னிரண்டுக்கு நஃபீசாவை ஏணிவரை கொண்டுபோய் விட்டான்.

"நானா எங்கங்க?"

"வந்துக்கிட்டிருக்காரு. நீ ஏறு."

உள்ளே போனவள் பக்கத்து இருக்கையில் தன் துப்பட்டாவை மடித்து வைத்து இடம் பிடித்தது ஜன்னல் வழியே தெரிந்தது. கதவு மூடியது. அவள் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

சரியாகப் பன்னிரண்டு ஐந்துக்கு விமானம் நகர்ந்தது.

பன்னிரண்டு பதிமூன்றுக்குப் பினாங்கு விமானம் இறங்கியது. முதல் ஆளாக ஓடி வந்தவன் யூசுப். சட்டையெல்லாம் வியர்வை.

"எந்தப் பக்கம் மச்சான்?"

"போயிருச்சு."

யூசுப் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். "நஃபீசா?"

"ஏறிட்டா."

"அவளாவது..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை.

அவன் பின்னாலேயே அதே விமானத்திலிருந்து ஒரு சீனத் தம்பதி மூச்சு வாங்க வந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்களாம். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளை மேசையில் வைத்து, கூச்சிங் விமானம் எங்கே என்று மலாயில் கேட்டார்கள். நாளைக் காலைதான் என்று ரவூப் எழுதிக் கொடுத்தான்.

"மூணு பேரு," என்றான் தனக்குத்தானே.

"என்ன மூணு பேரு?" என்றான் யூசுப்.

சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மறைக்க ரவூப்பால் முடியவில்லை. விதியையும், செய்யாத டெலிபோனையும் சொன்னான்.

"நின்னிருக்குமா?"

"பன்னிரண்டு இருபத்தஞ்சு வரைக்கும் நின்னிருக்கும். பத்து நிமிஷத்துல உங்களை ஏத்தியிருப்பேன்."

"வேற யாராவதா இருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருப்பேன்."

யூசுப் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு அது. "எங்க வாப்பாவும் இப்படித்தான் மச்சான். ஊரு என்ன சொல்லும்னுதான் என்னோட பேசாமலே கிடந்தாரு."

அசர் நேரத்தில், வேலிக்கு இந்தப்புறம் இருந்த புல்தரையில் யூசுப் கைக்குட்டையை விரித்தான். எட்டாத தூரத்தில் அடங்குகிறவருக்காக இங்கிருந்தே தொழும் ஜனாஸா தொழுகை. ரவூப் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றான்.

"நான் தனியாத் தொழுதுக்கிறேன்," என்றான் யூசுப், திரும்பிப் பார்க்காமல்.

ரவூப் மேசைக்குத் திரும்பினான். ஹாங்காங் விமானம் தாமதம் என்று ஒரு தாள் கிடந்தது. மாறிப் போகிறவர்கள்: ஜகார்த்தா, ஒருவர். கண்ணாடிக்கு அப்பால் யூசுப் கைகட்டித் தனியாக நின்றிருந்தான். ரவூப் டெலிபோனை எடுத்தான்.

"ஒருத்தர்னு போட்டிருக்கு," என்றான். "எல்லாரையும் ஒருதடவை கேட்டுப் பாருங்க."