வேலிக்குள்ளே விறகு

எத்திராஜ் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தம்பி குப்புராஜின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். படப்பை விறகுக் கடைக்கு யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் அவன் காவல் காத்த மேட்டிலிருந்தே அவனுக்குக் கட்டை வரும். அண்ணனாக அதையாவது செய்ய வேண்டும்.

தம்பி பெண்டாட்டி தனம் எழுந்து வந்து மறித்தாள்.

"வேணாம் மாமா. காஞ்ச குச்சியக்கூட அவரு எடுக்க வுடமாட்டாரு. மரம் உள்ள சேத்து வெச்ச கரி, எரிச்சா மறுபடி காத்துக்கே பூடுமாம்."

"எல்லாம் ஆபீசருங்க சொல்லிக் குடுத்த கதை."

மேட்டு வேலியின் கேட் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மேடு முன்னே மொட்டை. கிராவல் தோண்டினார்கள், விறகு வெட்டினார்கள், ஆடு விட்டார்கள். எத்திராஜின் ஆடுகளும் மேய்ந்தன. வனத்துறை வேலி போட்டபோது, கம்பெனிக்கு விற்கத்தான் என்று அடித்துச் சொன்னார். ஒரு கன்றுகூட நடவில்லையே. கேட் பக்கத்துக் கல்லில் குப்புராஜை உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார்: "இன்னாடா, சும்மா குந்திகினு கீறதுக்கு ஒரு சம்பளமா?"

குப்புராஜ் கோபப்படவில்லை. "ஆமாண்ணா, அதுக்குத்தான். ஒருவாட்டி உள்ள வந்து பாரேன்."

அவர் போகவே இல்லை.

இப்போது பூட்டைத் திறந்தார். கிராவல் குத்தும் என்று வெறுங்கால் கூசியது. குத்தவில்லை. கணுக்கால் வரைக்கும் சருகு. யாரும் நடாத உசிலையும் வெப்பாலையும் தலைக்கு மேலே மூடிக்கிடந்தன. ஒரு பழைய அடிமரத்திலிருந்து நாலு மரம் எழுந்திருந்தது. அடியில் அந்தக் காலத்து வெட்டு, கறுத்துப்போய்த் தெரிந்தது. யார் கத்தியோ. கத்தியை ஓங்கியவர் இறக்கிக்கொண்டார்.

விழுந்து கிடந்த காய்ந்த மரம் ஒன்றைப் புரட்டினார். இந்த வெயிலிலும் அடியில் மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அதில் விரல் நீளத்துக்கு முளைகள். மரத்தை இருந்தபடியே திரும்ப வைத்தார்.

வெறுங்கையோடு வந்தவரைத் தனம் பார்த்தாள். கடையிலிருந்து சவுக்குக் கட்டை வந்தது.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். எத்திராஜ் மேட்டுப் பக்கம் திரும்பினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தம்பி உட்காரும் கல்லின் நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார்.

யார் வீட்டு ஆடுகளோ வேலியை நோக்கி வந்தன. அவரைப் பார்த்ததும் நின்றன.