சிவப்புப் பென்குயின்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது ஓர் உரப்பையில் கட்டுண்டு என் மேசைக்கு வந்தது.

யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, விளையாட்டுக் கழகத்தார் ஆட்டத்துக்கு அணியும் ஜேசி, எல்லாவற்றையும் கணினியில் வடிவமைப்பது நான்தான். மதியத்துக்குப் பிறகு ஆட்கள் குறைவு. அந்த நேரத்தில் இரண்டு மாதமாக மௌனத்தைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பந்தி தேறியிருந்தது. மூன்றிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உரப்பையை வைத்த பெண்மணி மூச்சு வாங்க முன்னமே கேட்டார்.

“தம்பி, உதிலை இருக்கிற பென்குயினை அழிக்கேலுமோ?”

(அந்தக் கேள்விக்குப் பிறகு என் மூன்று பந்தியையும் வாசித்துப் பார்த்தேன். இப்படி ஒரு வரி அதில் இல்லை.)

2

தொடக்கம் ஒன்று: “குருநகர்க் கடல் அன்று ஈயத்தகடு போல—”

விட்டுவிட்டேன். கடலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குருநகர் என்றதும் கை தானாகக் கடலை எழுதுகிறது.

தொடக்கம் இரண்டு: “மெல்பேர்ணில் குளிர் தொடங்கியிருந்தது. கனிசியஸ் தன் கையுறையை—”

இதுவும் வேண்டாம். நான் மெல்பேர்ண் போனதில்லை. பண்டத்தரிப்பிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிற ஆள். அந்தக் குளிரை நான் எழுதினால் அங்கே இருக்கிற முதல் வாசகரே பிடித்துவிடுவார்.

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். பெண்மணியின் பெயர் பெர்னடெட். குருநகரில் மீன்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் தொழிற்சாலை அவருடையது. அதன் அடையாளம் ஒரு பென்குயின். வாசல் மதிலிலும் ஐஸ் பெட்டிகளிலும் அது எப்போதும் நீலம். தொழிற்சாலைக்குக் கிழக்கே உள்ள தெருக்களின் உதைபந்தாட்டக் கழகம் செங்கதிர். சிவப்பும் கறுப்பும் அதன் நிறம். மேற்கே நீலஅலை; நீலமும் வெள்ளையும். இரண்டு பக்கப் படகுகளும் பெர்னடெட் அக்காவிடம்தான் ஐஸ் ஏற்றும்.

இந்த வருடம் செங்கதிரின் தலைவன் ஜெரிசன் ஜேசி எடுத்துத் தரும்படி அவரைக் கேட்டான். அவர் மெல்பேர்ணில் இருக்கும் தம்பி கனிசியஸிடம் சொன்னார். கனிசியஸ், அவுஸ்திரேலியர் தங்களுடைய முட்டை வடிவப் பந்தாட்டத்துக்குப் போடும் ஜேசிகளைத் தைக்கும் ஓர் இடத்தில் ஓடர் கொடுத்தான். இரண்டு விடயம் அவன் கேட்காமலே நடந்தது. ஒன்று, ஜேசிக்குக் கை இல்லை. அந்த ஆட்டத்தின் வழக்கம் அது. மற்றது, நெஞ்சில் இருந்த பென்குயின் சிவப்பு. அந்த ஜேசிகள்தான் உரப்பையில் வந்தவை.

என் மேசைக்கு முன்னால் இருந்தபடியே அக்கா தம்பியைக் கைப்பேசியில் பிடித்தார்.

“டேய், ஆர் உன்னைப் பென்குயினுக்குச் சிவப்படிக்கச் சொன்னது?”

“அக்கா, இஞ்சை அதுதான் வழக்கம். ஜேசியின்ரை நிறத்துக்குத்தான் விளம்பரக்காரன் தன்ரை அடையாளத்தை மாத்துவான். பெரிய பெரிய கொம்பனியளே மாத்துறாங்கள். இல்லாட்டிச் சனம் கத்தும்.”*

“அந்தக் கொம்பனிக்காரன் ரெண்டு தெருவுக்கு நடுவிலை இருந்து ஐஸ் விக்கிறவனோ?”

“சிவப்புக் கறுப்பிலை நீலம் நிண்டா வடிவில்லை அக்கா.”

“வடிவைக் கொண்டுபோய் உன்ரை குளிருக்கை வை!”

* கனிசியஸ் சொன்னது பொய்யில்லை. அன்று மாலை இணையத்தில் அந்த நாட்டு ஜேசிகளைத் தேடிப் பார்த்தேன். தன் சொந்த நிறத்தை விட்டுவிட்டு, கழகத்தின் நிறத்தில் அடக்கமாக நிற்கும் அடையாளங்கள் நிறைய இருந்தன. விளம்பரம் தருகிறவர் அங்கே விருந்தாளி. வீட்டாரின் நிறத்தை உடுத்திக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. அக்காவிடம் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை.

3

பிரச்சினை என்னவென்றால், பெர்னடெட் அக்கா இரண்டு பக்கத்துக்கும் பொது ஆள். தேவாலயப் பெருநாளுக்கு நடக்கும் கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவருடைய கதிரை நடுக்கோட்டுக்கு நேரே போடப்படும். ஒரு அடி இந்தப் பக்கமில்லை, ஒரு அடி அந்தப் பக்கமில்லை. இந்த ஞாயிறு இறுதி ஆட்டம் செங்கதிருக்கும் நீலஅலைக்கும். ஜெரிசன் புது ஜேசியைப் போட்டுப் படம் எடுத்து முகநூலில் ஏற்றிவிட்டான்.

“மூண்டு நாளாச்சுது தம்பி. நீலஅலைத் தலைவர் அடைக்கலநாதன் என்ரை கேற்றைத் தாண்டிப் போறான், திரும்பியும் பாக்கிறானில்லை. அவன்ரை படகு ஐஸுக்கு வேறை இடம் போகுது. ஐஸ் போனாப் போகட்டும். என்னோடை கதைக்காமல் எப்பிடிப் போவான்?”

நான் ஜேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“வாயைத் திறவுங்கோ. உங்களைப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது.”

“அழிக்கேலாது அக்கா. இது மேலை ஒட்டினதில்லை. சாயம் துணிக்குள்ளை ஏறீற்றுது. மேலை வேறை ஒண்டை வைச்சு மறைக்கலாம்.”

அந்த நேரம் ஜெரிசனும் வந்து சேர்ந்தான். யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“நீலப் பென்குயினை ஒட்டினா நாங்கள் வெறும் மேலோடை இறங்குவம் மாமி.”

“வெள்ளையாலை மறைச்சா?” என்றேன்.

“நெஞ்சிலை பிளாஸ்ரர் ஒட்டின மாதிரி இருக்கும் அண்ணை. பதினொரு பேருக்கும் ஒப்பரேசன் முடிஞ்சுதோ எண்டு கேப்பாங்கள்.”

“கறுப்பு?”

“செத்தவீடோ? ஏற்கெனவே கை இல்லையெண்டு எங்களைப் ‘பெனியன் கட்சி’ எண்டுறாங்கள்.”

“உங்களுக்குப் பெனியன்தான் பிரச்சினை. எனக்கு ஊரே பிரச்சினை,” என்றார் அக்கா.

4

அடைக்கலநாதனை முதலில் வில்லனாக எழுதினேன். பெரிய மீசை வைத்தேன். “அவர் சிரித்து யாரும் கண்டதில்லை” என்றும் எழுதினேன்.

(அந்த வரியை அடித்துவிட்டேன். மறுநாள் அவரே அச்சகத்துக்கு வந்தார், நீலஅலைக்குப் பதாகை அடிக்க. மீசை இல்லை. வெயிலில் வந்த களைப்பில் என் தண்ணீர்ப் போத்தலைக் கேட்காமலே எடுத்துக் குடித்தார். வில்லன்கள் அப்படிக் குடிப்பதில்லை.)

உரப்பை இன்னும் மூலையில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். என் பேசாமை சிலவேளை மற்றவர்களைப் பேச வைக்கும். அது என் திறமை இல்லை, ஆனால் பயன்படுகிறது.

“இருபத்தைஞ்சு வருசமா அந்தப் பென்குயின் நீலம் தம்பி. அக்கா பொது எண்டு எல்லாரும் சொல்லுவம். ஆனா எங்கடை பக்கத்துக்குத் தெரியும், அவ எங்கடை ஆள் எண்டு. வெளியிலை சொல்லேல்லை, அவ்வளவுதான். இப்ப போய்ச் சிவப்பு…” குரல் கொஞ்சம் இறங்கியது. “கோவமில்லை. வெக்கமாக் கிடக்கு. என்னெண்டு நிண்டு கதைக்கிறது?”

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதுவரை, அக்கா தன் பொதுத்தன்மையை இழந்த கதையை எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்று முதலிலேயே இருக்கவில்லை.

அன்று பின்னேரம் அக்காவும் ஜெரிசனும் முடிவு கேட்டு வந்தார்கள். அடைக்கலநாதன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“அப்ப… செங்கதிர்ப் பெடியள் இவ்வளவு காலமும் என்ன நினைச்சிருப்பியள்?”

ஜெரிசன் தலையைச் சொறிந்தான்.

“உங்கடை ஐஸை நாங்கள் எங்களுக்குள்ளை ‘நீலஅலை ஐஸ்’ எண்டுதான் மாமி சொல்லுறனாங்கள். அதுதானே உங்களட்டை ஜேசி கேட்டது. ஒருக்கா எண்டாலும் எங்கடை பக்கம் வரட்டும் எண்டு.”

“கள்ளப் பெடியா! நான் ஏதோ பாசத்திலை கேக்கிறியள் எண்டு நினைச்சன்.”

“பாசமுந்தான்.”

முதலில் அவர் சிரிக்கவில்லை. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அச்சகமே கேட்கும்படி சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஒண்டையும் ஒட்டாதேங்கோ தம்பி. பென்குயின் சிவப்பாவே நிக்கட்டும், செங்கதிரோடை. இருபத்தைஞ்சு வருசக் கடன் எண்டு வையுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமை அடைக்கலநாதனுக்குப் பக்கத்திலை போய் இருக்கப்போறன், நீலஅலைப் பக்கம். அவன் கதைக்காட்டி நான் கதைப்பன்.”

“மாமி, அங்கை இருந்து எங்களுக்குக் கைதட்டுவியளோ?”

“அது நீங்கள் விளையாடுறதிலை இருக்கு.”

5

இன்று சனிக்கிழமை. ஆட்டம் நாளை பின்னேரம். முடிவுகளை முன்கூட்டியே எழுதிப் பார்த்தேன்.

செங்கதிர் வெல்கிறது: கிண்ணத்தோடு எடுக்கும் படத்தில் பென்குயின் இருக்கும், அக்கா இருக்கமாட்டார். நீலஅலை வெல்கிறது: படத்தில் அக்கா இருப்பார், பென்குயின் இருக்காது. மழை வந்து ஆட்டம் நிற்கிறது: (அடித்துவிட்டேன். மழையை அழைத்துத் தப்புவது சோம்பேறி எழுத்தாளனின் வேலை.)

கடைசியில் ஒரு காட்சியில் வந்து நிற்கிறேன். சமநிலை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம். நீலஅலைக் கூட்டத்தின் நடுவில், அடைக்கலநாதனுக்குப் பக்கத்தில் அக்கா. இருவரும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. ஜெரிசன் பந்தோடு அவர்களை நோக்கி ஓடி வருகிறான். கையில்லாத ஜேசி வியர்வையில் ஒட்டியிருக்கிறது. நெஞ்சில் பென்குயினும் சேர்ந்து ஓடுகிறது. நீலஅலைக் காவலன் குறுக்கே பாய்கிறான். ஜெரிசன் காலைத் தூக்குகிறான். அக்கா கதிரையை விட்டு எழும்புகிறார், வாய் திறந்தபடி—

நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அவர் முழுக் குரலில் கத்துகிறார். என்ன கத்துகிறார் என்பது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. “அடிடா!” என்றா, “மறிடா!” என்றா?

அந்த ஒரு சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் எழுதி முடித்ததும், நீங்கள் போட்டிருக்கிற சட்டை என்ன நிறம் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.