மஞ்சள் ஓரம் வராத குட்டிகள்

நேற்று மதியத்தில் இருந்துதான் எனக்குச் சோறு ருசியாக இறங்குகிறது. அதற்கு முன்னால் ஆறு மாதம் மென்று விழுங்கினேன், அவ்வளவுதான். எல்லாம் ஒரு செடியால். பூ கிடையாது, காய் கிடையாது, சட்டியில் கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்குமே, அந்த ஸ்னேக் பிளான்ட். அதற்குப் போய் ஒரு மனுஷி இப்படிப் பயந்து சாவாளா என்று கேட்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். பிழைக்க வந்த ஊர் நெருப்பெரிச்சல், இங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை. என் வீட்டுக்காரர் ராஜபாண்டி அயர்னிங், நான் செக்கிங். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ ஷேடு வித்தியாசமோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினாலு வருஷமாக இதுதான். என் பேர் சந்தனம். சந்தனம் கண்ணுக்குக் கறை தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தக் கண்தான் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

குடியிருப்பது மாரக்காள் அம்மாவின் லைன் வீட்டில். மூன்று வருஷத்தில் நாலு வீடு மாறி, கடைசியாக அமைந்த நல்ல வீடு. தனிக் குழாய், தனிக் குளியலறை. மகள் ஜோதிகா பிளஸ் டூவுக்குப் போக வேண்டிய நேரம், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அவள் பரீட்சை முடிகிற வரைக்கும் வீடு மாறக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஓனரம்மா தங்கமானவர்தான். ஆனால் செடி விஷயத்தில் படு கறார். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கேட்காமல் செம்பருத்தியை ஒடித்தார்களாம், அடுத்த மாதமே காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டில் இதை முதல் நாளே என் காதில் போட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர், கனடாவில் இருக்கும் மகள் ஜனனியின் பிரசவத்துக்காக மாசி மாதம் கிளம்பும்போது, அந்தச் சட்டியைத் தூக்கி வந்து என் வாசலில் வைத்தார். எட்டு இலை, ஒவ்வொன்றும் முழங்கை உயரம். பச்சை இலைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் ஓரம், பட்டுக்குக் கரை கட்டியது போல அழகாக இருந்தது.

“மத்த செடிக்கெல்லாம் ஆள் வந்து தண்ணி ஊத்தும் கண்ணு. இது ஜனனி கல்யாணமாகிப் போறப்ப வெச்சுட்டுப் போனது. இதை மட்டும் நீ பாத்துக்கோணும். ஒண்ணும் பண்ண வேண்டாம். பத்து நாளைக்கு ஒருக்கா ஒரு சொம்புத் தண்ணி, அவ்வளவுதான்” என்றார்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது. அது ஒன்றுதான் எனக்கு வராது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், இலையெல்லாம் வெள்ளைத் திட்டு. போர் தண்ணீர் உப்பு, காய்ந்து படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. விட்டுத் தொலைத்திருக்கலாம். கறையைப் பார்த்துவிட்டு நான் எங்கே விட? எண்ணெய்க் கறை எடுக்கக் கம்பெனியில் ஒரு மருந்து ஸ்ப்ரே பண்ணுவார்கள். ஜோதிகா யூனிஃபார்மில் பட்ட சைக்கிள் கிரீஸுக்காகக் கேட்டு வாங்கி வந்தது கொஞ்சம் மிச்சம் இருந்தது. எட்டு இலைக்கும் அடித்து, பனியன் துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒரு திட்டு இல்லை. அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டு ஏற்றுமதிக்கு அனுப்பலாம், அவ்வளவு சுத்தம்.

மூன்றாம் நாள் இலைகள் வெந்த கீரை மாதிரி தொங்கின.

ராஜபாண்டி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஏட்டி, கறை மருந்தையா அடிச்ச? அது செடிட்டி, பனியன் இல்ல!”

“மருந்து வேகம் இறங்கட்டும்னு தண்ணி ஊத்துதேன். நீங்க சும்மா கெடங்க” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். தப்பு பண்ணியது நான், திட்டு வாங்கியது அவர். எங்கள் வீட்டில் வழக்கம்தான்.

காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் சட்டி சேறாகி, நாற்றம் எடுத்தது. ஒரு இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியெல்லாம் கூழ். மண்ணுக்குள் கையை விட்டால் கிழங்கும் அழுகல். நடு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஓனரம்மா மகள் ஞாபகமாக வைத்திருந்த செடி! செம்பருத்திக் கிளைக்கே காலி பண்ணச் சொன்னவர் இதற்கு என்ன செய்வார்?

கம்பெனியில் எனக்குப் பக்கத்து டேபிள் அனுப்ரியா. அவள்தான் வழி சொன்னாள். “அழுகாதீங்கக்கா. அந்தச் செடி இலையத் துண்டு போட்டு நட்டாலே வருமுங்க. நல்ல எடமாப் பாத்து வெட்டி, ரெண்டு நாளு நெழல்ல காய வெச்சுட்டு, மணல்ல ஊனுங்க. ஒண்ணே ஒண்ணு, அடிப்பக்கந்தான் கீழ போகோணும். தலைகீழா ஊனினா வேர் விடாதுங்க.”

எட்டு இலையில் மூன்றுதான் பாதிக்கு மேல் உருப்படியாக இருந்தது. விரல் நீளத்துக்கு வெட்டியதில் ஒன்பது துண்டு. வெட்டிய பிறகு எது தலை, எது கால் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வெட்டுகிறபோதே ஒவ்வொரு துண்டிலும் மேல் பக்கம் காட்டி ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினேன். ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஓட்டை போட்டு, ஆற்று மணலும் கொஞ்சம் மண்ணும் கலந்து ஊன்றி, வெயில் படாத ஜன்னலோரம் வைத்தேன். கேன் தண்ணீர் மட்டும், அதுவும் விரலை விட்டுப் பார்த்து மணல் காய்ந்திருந்தால்தான்.

“குறை இருந்தா ஒட்டுத ஸ்டிக்கரை மொத்தமா ஒட்டி வச்சிருக்க. ஒன்பதும் ரிஜெக்டா?” என்றார் ராஜபாண்டி. அன்றைக்கு அவருக்கு ராத்திரி சாப்பாடு லேட்டாகத்தான் கிடைத்தது.

நாலு துண்டு அழுகிப் போயிற்று. மிச்சம் ஐந்தும் சும்மா நின்றன. பங்குனி போனது, சித்திரை போனது. தினமும் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். வைகாசியில் ஒரு நாள் ஒரு துண்டு வர மாட்டேன் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டது. வேர்! அப்படியே ஜோதிகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நடுவில் ஓனரம்மா கனடாவில் இருந்து வீடியோ கால் செய்வார். செடியைக் காட்டு என்றால் என்ன செய்வது? ஆனால் ஒரு அதிசயம், அவர் கேட்கவே இல்லை. ஒரு தடவை நானே வாய் தவறி, “செடி நல்லா இருக்கும்மா” என்று ஆரம்பித்தேன். பின்னால் ஜனனி நின்றுகொண்டிருந்தது. “அதெல்லாம் காட்ட வேண்டாம் கண்ணு, நீ உள்ளயே இரு” என்று ஓனரம்மா பதறிப் போய்ப் போனை வைத்துவிட்டார். கோமதி அம்மன் காப்பாற்றினாள் என்று அன்றைக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஆடியில் மண்ணைக் கீறிக்கொண்டு குட்டி வந்தது. ஒன்றல்ல, மூன்று டப்பாவில். கூர்மையாக, நல்ல திடமாக. எல்லாம் சரி, மஞ்சள் ஓரம் எங்கே? இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தேன். இரண்டு இலை விரிந்தும் முழுப் பச்சை. அடுத்த நாள் அனுப்ரியாவிடம் சொன்னேன். அவள் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, மஞ்ச ஓரம் போட்டத இலை வெட்டி வெச்சா வெறும் பச்சைதான் வருமாமுங்க. ஓரம் வேணுமுன்னா கெழங்கோட பிரிச்சு வெக்கோணுமாம்.”

“இத நீ மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாடி?” என்று கத்தியதில் செக்கிங் செக்‌ஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாவம், அவளும் என்ன செய்வாள்? கிழங்குதான் எப்போதோ கூழாகிவிட்டதே. என் கையாலேயே மூன்று ஷேடு வித்தியாசத்தை வளர்த்து வைத்திருக்கிறேன். இதை ஒட்டி மறைக்கவும் முடியாது, துவைத்துச் சரி பண்ணவும் முடியாது.

நேற்று காலை ஓனரம்மா வந்து இறங்கினார். நர்சரியில் மஞ்சள் ஓரம் போட்டதாக ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று ராஜபாண்டி சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை வைத்துவிட்டுப் போனதை எப்படிக் கடையில் வாங்குவது? மதியம் மூன்று டப்பாவையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மருந்து அடித்ததில் இருந்து கடைசி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, “ஜோதிகா பரீட்சை வரைக்கும் மட்டும் வீட்டுல இருக்க விடுங்கம்மா” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இலையைத் தடவினார். திடீரென்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“ஏங்கண்ணு, இது முழுப் பச்சைதானே? பெருசானாலும் மஞ்ச வராதே?”

“வராதும்மா. என்னைய மன்னிச்சிருங்க.”

“அட நீ வேற!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஜனனி வெச்சுட்டுப் போனது பச்சைதான் சாமி! ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே நானும் உன்னையாட்டத் தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வெச்சுட்டேன். நர்சரில கேட்டா மஞ்ச ஓரம் போட்டதுதான் இருக்குதுன்னான். வாங்கி வெச்சுட்டு, வெயிலு பட்டு ஓரம் பழுத்துப் போச்சுன்னு அந்தப் புள்ளைகிட்டப் பொய் சொல்லீட்டு இருக்கறேன். ஒவ்வொரு தடவ அது செடியக் காட்டுன்னு சொல்றப்பவும் எனக்கு உசுரே போயிரும்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆறு மாதமாக நான் இவருக்குப் பயந்தால், இவர் இரண்டு வருஷமாகப் பெற்ற மகளுக்குப் பயந்திருக்கிறார்! வந்த சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

“ஜனனி சித்திரைக்குக் கொழந்தையத் தூக்கிட்டு வருது. எட்டு மாசம் இருக்குது. அதுக்குள்ள இதப் பெரிய செடியா ஆக்கிக் குடுத்துரு. என்ற கையில குடுத்தா மறுபடியும் அழுகிப்போயிரும்.” அவர் குரல் கெஞ்சியது. “அதுக்கு நடுவுல வேற ஊடு பாக்கறேன், காலி பண்றேன்னு மட்டும் கெளம்பிராத கண்ணு. உன்னையக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“நாங்க எங்கம்மா போகப் போறோம்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.