ஐந்தாவது கிளாஸ்

மாதா கோயிலில் காலை ஆறு மணி அடித்து ஓய்ந்தபோது அனுசியா காலி டப்பாவைக் கணவனின் மூக்கருகே பிடித்தாள்.

செந்தூர்வேல் கண்களை மூடியிருந்தான். மூச்சை இழுத்தான்.

"காப்பி" என்றான்.

"சரி" என்றாள்.

அடுத்தது கிராம்பு. டப்பாவை எடுக்கும்போது உள்ளே உருண்டது. சரியாகச் சொன்னான். எலுமிச்சைத் தோல் மெத்தென்று இடித்தது. அதையும் சொன்னான். காப்பித்தூள் சத்தம் போடாது. சத்தம் போடாத டப்பா எல்லாம் அவனுக்குக் காப்பி.

காய்ச்சலில் போன மூக்கு. எட்டு மாதம் ஆகிவிட்டது. தினமும் காலையில் இப்படி மோந்து பழகச் சொன்னது டாக்டர். சில வாரங்களாக அவன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவந்தான். மூக்கு திரும்பிவிட்டது என்று உடன்குடியில் இருக்கும் மாமியாருக்கு அவள்தான் போன் செய்து சொன்னாள். நேற்று மாலை பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. அவள் மாடியிலிருந்து ஓடிவந்தபோது அவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அதனால்தான் இன்று காப்பி டப்பாவைக் காலி செய்தாள்.

"இன்னைக்கு நல்லாத் தெரியுது" என்று அவன் எழுந்தான்.

அவன் சுற்றுலாக் கப்பலில் ஒயின் பரிமாறுகிறவன். சொந்தக்காரர்களிடம் கப்பலில் ஹோட்டல் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பாட்டிலைத் திறந்ததும் விருந்தாளிக்கு ஊற்றும் முன் மோந்து பார்க்க வேண்டும். மூடியாக அடைக்கும் கார்க் சில சமயம் கெட்டிருக்கும். அது கெட்டிருந்தால் ஒயினும் கெட்டிருக்கும். நிறம் மாறாது, நுரை மாறாது. மூக்குக்கு மட்டும் தெரியும். ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்திருந்தான்.

காய்ச்சலுக்குப் பிறகு அண்ணன் ராஜதுரையின் மளிகைக் கடையில் உட்கார்ந்தான். மழையில் நனைந்த உளுந்துச் சாக்கைப் பிரித்து, நிறுத்து, விற்றான். மறுநாள் பொட்டலங்கள் திரும்பி வந்தன. ஒரு பெண் பொட்டலத்தை அவன் முகத்துக்கு நேரே பிரித்து, "அண்ணாச்சி, இதை மோந்துதான் குடுத்தியளா?" என்று கேட்டாள். ராஜதுரை அவனைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அனுசியாவிடம் தனியாகச் சொன்னார்.

"கடைக்கு மூக்கு வேணும்மா. அவன் கப்பலுக்கே போவட்டும்."

கப்பலுக்கும் அதுதான் வேண்டும் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை.

நோயால் கப்பலிலிருந்து இறங்கியவர்களைச் சோதித்துத்தான் மறுபடி ஏற்றுவார்கள். இவனைச் சோதிக்கும் பொறுப்பைக் கம்பெனி டிக்சனிடம் விட்டிருந்தது. டிக்சன் அதே கப்பலில் ஒயின் பகுதிக்குத் தலைவர். விடுமுறைக்குத் திரேஸ்புரத்து வீட்டுக்கு வந்திருந்தார். இன்று காலை சாப்பாட்டுக்கு முன் வரச் சொல்லியிருந்தார். ஐந்து கிளாஸ், ஐந்தும் நுரைக்கிற ஒயின். தேறினால் கொச்சியில் கப்பல் ஏறலாம். தேறாவிட்டால் வேறு எந்தக் கப்பலும் எடுக்காது.

"எப்படிக் கண்டுபிடிப்பிய அத்தான்? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றாள்.

அவனுக்கு அது பிடித்திருந்தது. சோடா பாட்டிலை உடைத்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினான். மலிவான ஒயினுக்கு இப்படித்தான் வெளியிலிருந்து வாயுவை ஏற்றுவார்கள் என்றான். குமிழி பெரிதாக இருக்கும், டம்ளரின் சுவரில் ஒட்டும், சத்தம் போடும், சீக்கிரம் செத்துப்போகும். ப்ரொசெக்கோ இத்தாலிக்காரர்களுடையது. பெரிய தொட்டியில் மூடிவைத்துப் பொங்க விடுவார்கள். நுரை குபுக்கென்று எழுந்து அமர்ந்துவிடும். அஸ்தி இன்னொரு இத்தாலிய ஒயின். அதுவும் தொட்டியில்தான், ஆனால் பாதிப் பொங்கலில் நிறுத்திவிடுவார்கள். அதனால் சர்க்கரை மிச்சம் இருக்கும், நாக்கிலேயே தெரியும். ஷாம்பெயின் வேறு. ஏற்கனவே புளித்த ஒயினைப் பாட்டிலில் அடைத்து அங்கேயே இரண்டாம் முறை பொங்க விடுவார்கள். புளிக்க வைத்த ஈஸ்ட் செத்து அடியில் படியும். வருடக்கணக்கில் அதன் மேலேயே கிடக்கும். குமிழி ஊசி முனைபோல இருக்கும், நூல் பிடித்ததுபோல மேலே ஏறும். காவா ஸ்பெயினில் செய்வது. முறை ஷாம்பெயினுடையதுதான், திராட்சை வேறு. இந்த இரண்டும்தான் கஷ்டம். ஷாம்பெயினில் புளிப்பு கொஞ்சம் கூர்மையாக இருக்கும்.

"மணம்?" என்று கேட்டாள்.

அவன் நிறுத்தவில்லை. சோடா ஏற்றியதில் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ப்ரொசெக்கோவில் பேரிக்காய். அஸ்தியில் மல்லிகையும் பழுத்த திராட்சையும். காவாவில் எலுமிச்சை. ஷாம்பெயினில் சூடான ரொட்டி. பேக்கரியில் தட்டை வெளியே இழுக்கும்போது வருமே, அது. பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல ஒப்பித்தான். கண் மட்டும் டம்ளரை விட்டு அகலவில்லை. சுவரில் ஒட்டிய குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டப்பா காலி என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் போகமாட்டான். போகாவிட்டால் எங்கே போவான்? அவன் பொத்தான் தைத்த சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். தானும் வருவதாகச் சொன்னாள்.

டிக்சன் இருவரையும் உள்ளே அழைத்தார். அவர் மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வள்ளங்களில் வலை காய்ந்தது. கருவாட்டு வாடை அறைக்குள் நின்றது. அனுசியா முந்தானையால் மூக்கை மூடினாள். செந்தூர்வேல் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"இங்கன உக்காரு தங்கச்சி" என்றார் டிக்சன். "இவன் குடிக்கத நீ பாத்திருக்க மாட்ட. இன்னைக்குப் பாத்துக்க."

ஜன்னலை அடைத்து மின்விசிறியைப் போட்டார். சமையலறையில் ஊற்றி, கிளாஸை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். முதல் கிளாஸை செந்தூர்வேல் காதருகே கொண்டுபோனான். பிறகு மூக்கருகே. வாயு ஏற்றினது என்றான். கோலி சோடாவுக்குக் கோட்டு மாட்டி விட்டிருக்கான் என்று டிக்சன் சிரித்தார். இரண்டாவதில் நுரை எழுந்து அமர்வதைப் பார்த்து ப்ரொசெக்கோ என்றான், பேரிக்காய் என்றான். மூன்றாவது நாக்கில் பட்டதும் அஸ்தி.

நான்காவதில் நேரம் எடுத்துக்கொண்டான். நெற்றி வேர்த்திருந்தது. இரண்டு முறை வாயில் வைத்துத் துப்பினான். காவா என்றான். டிக்சன் தலையாட்டினார். அனுசியா மடிக்குள் இறுக்கியிருந்த விரல்களை விட்டாள்.

ஐந்தாவது கிளாஸில் குமிழி நூலாக ஏறியது. அனுசியாவுக்கே தெரிந்தது. அவன் மோந்தான், சுவைத்தான், நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஷாம்பெயின் அண்ணே."

"மணம் என்ன சொல்லுது?"

"ரொட்டி. சூடான ரொட்டி. கொஞ்சம் பாதாம்."

டிக்சன் கிளாஸை அவன் பக்கம் மறுபடி நகர்த்தினார்.

"இன்னொருக்கா மோந்து பாருல."

அவன் கண்களை மூடி நீளமாக இழுத்தான். காலையில் இருந்த அதே முகம்.

"ரொட்டிதான் அண்ணே."

டிக்சன் கிளாஸை எடுத்து அனுசியாவிடம் நீட்டினார். குடிக்க வேண்டாம், மோந்தால் போதும் என்றார். அவள் வாங்கினாள். குமிழிகள் இன்னும் அழகாக ஏறிக்கொண்டிருந்தன. முகத்தருகே கொண்டுபோனாள்.

ஈரச் சாக்கு. மழையில் நனைந்து, கட்டிக் கிடந்து, பூசணம் பிடித்த உளுந்துச் சாக்கு. கார்க் கெட்டிருந்தது.

நிமிர்ந்தாள். செந்தூர்வேல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளாஸில் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை. அதை அவள் முகத்தில் தேடினான்.

"ரொட்டி வாசந்தான் அண்ணே" என்றாள்.

டிக்சன் அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"இங்கன நீ இருக்க, இவனுக்காவச் சொல்லிட்ட. கப்பல்ல இவன் பக்கத்துல யாரு தங்கச்சி நிப்பா?"