ஒரு வீட்டுக்கு இரண்டு உறைகள்

மூன்று மலைகளையும் ஒரே மதிலால் வளைத்துப் பிடித்து, அரசரெல்லாம் போன பின்னும் அந்தப் பிடியைத் தளர்த்தாமல் நிற்கும் செஞ்சிக் கோட்டையின்மேல் மாசி மாதத்து முற்பகல் வெயில் பரவிக்கொண்டிருந்தது. பாறைகள் மெல்லச் சூடேற, அடிவாரத்து வயல்களில் அறுவடைக்குப்பின் குவித்த வைக்கோற்போர்கள் பொன்னிறம் காட்ட, கடைத்தெருவில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒன்றையொன்று முந்த வழியின்றி முனகிக்கொண்டு நின்றன. அத்தெருவில் துணிக்கடை நடத்திய ஆதிநாராயணனின் வீட்டுக் கூடத்தில், அவர் மனைவி உண்ணாமலை திருமண அழைப்பிதழ்களையும் உறைகளையும் தன்னைச் சுற்றிப் பரப்பிக்கொண்டு அமர்ந்திருந்தாள். அவர்களுடைய இளைய மகளுக்குப் பங்குனியில் திருமணம்.

அன்பரே, மணவுறையில் பெயர் எழுதுவதை எளிய வேலை என்று எண்ணிவிடாதீர். மூத்தவர் இருக்க இளையவர் பெயரை எழுதினால் ஒரு வீடு முகம் சுளிக்கும். ‘அவர்கள்’ என்ற சொல் விடுபட்டால் ஒரு தெருவே அதைப் பேசும். நெருங்கிய உறவுக்கு நேரில் போகாமல் அஞ்சலில் அனுப்பிவிட்டாலோ, பந்தலில் ஒரு வரிசையே வெறுமையாய்க் கிடக்கும். இந்நுட்பங்களையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த உண்ணாமலை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முத்து முத்தாய் எழுதி, இரண்டே நாளில் நானூறு உறைகளை முடித்துவிட்டாள். எஞ்சிய ஒன்றுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அது சிங்கவரத்தில் வாழும் அவள் தங்கை ரஞ்சிதத்துக்கு உரியது. ரஞ்சிதத்தின் கணவன் தாண்டவராயன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேலை தேடிப் பம்பாய்க்குப் போனவன். இரண்டாண்டு மடல் எழுதியவன். பின்னர் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒரு வரியும் வரவில்லை. நான்காண்டுகளுக்கு முன் மூத்த மகளின் திருமணத்தில், குடும்பத் தலைவன் பெயரே எழுதுவது ஊர்முறை என்று, உண்ணாமலை சற்றும் எண்ணாமல் ‘தாண்டவராயன் அவர்கள்’ என்று எழுதிக் கொடுத்தாள். உறையை வாங்கிக்கொண்ட ரஞ்சிதம் திருமணத்துக்கு வரவில்லை. வந்து நின்ற ஒவ்வொரு வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்து உண்ணாமலைக்குக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

இம்முறையும் அவள் வராவிட்டால் அவ்வுறவு அற்றே போகும் என்று உண்ணாமலை அஞ்சினாள். ரஞ்சிதத்தின் பெயரைத் தனியே எழுதலாம் என்றால், பூவும் பொட்டுமாய் இருக்கிறவளின் கணவனை நாமே இல்லையென்று எழுதியதாக ஆகாதா என்று ஆதிநாராயணன் தடுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நெடுநேரம் எழுதுகோலைக் கையில் பிடித்திருந்தவள், கடைசியில் எதுவும் எழுதாத உறையையும், மை கொட்டினால் மாற்றுக்கு மற்றொன்றையும் எழுதுகோலோடு தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வண்டியேறினாள்.

சிங்கவரத்து வீட்டு முற்றத்தில் ரஞ்சிதத்தின் மாமியார் குஞ்சம்மாள் தெருவை நோக்கி அமர்ந்து முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளை வணங்கி நலம் கேட்டுவிட்டு, உண்ணாமலை தாம்பாளத்தோடு தங்கையைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள்.

“இன்னா பேரு எழுதறதுன்னே தெரியல ரஞ்சிதம். நீயே சொல்லு.”

ரஞ்சிதம் பெயரில்லாத உறையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “அன்னிக்கு அந்தக் கவர்ல நீ அவரத்தான் கூப்ட்ட. நான் எப்டிக்கா வர்றது?” என்றாள்.

நான்காண்டாக நெஞ்சில் கிடந்த கேள்விக்கு விடை கிடைத்தபோது உண்ணாமலையால் தாங்க முடியவில்லை. தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரஞ்சிதத்தின் பெயரைப் பெரிதாக எழுதினாள். அதைப் பார்த்த ரஞ்சிதத்தின் முகம் மலர்ந்தது. மறுகணமே மாமியாரின் நினைவு வந்து வாடியது. முன்பு வந்த உறையை அண்டை அயலாரிடமெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டு, என் மகனை ஊர் மறக்கவில்லை என்று பூரித்துச் சாமி படத்தின்பின் செருகி வைத்திருக்கிறாள் அம்முதியவள் என்று சொன்னாள்.

“அத்தைக்கும் ஒண்ணு எழுதுக்கா. அதுல அவரு பேரே இருக்கட்டும்.”

ஒரே வீட்டுக்கு இரண்டு உறை வைக்கும் வழக்கம் அந்நாட்டில் எங்கும் இல்லை. உண்ணாமலை மாற்று உறையை எடுத்து அதையும் எழுதி, இரண்டையும் தாம்பாளத்தில் வைத்துக் குஞ்சம்மாளின்முன் நீட்டினாள். எதற்கு இரண்டு என்று கிழவி கேட்டாள். இது உங்கள் மகன் பெயருக்கு, அது ரஞ்சிதத்தின் பெயருக்கு என்று சொல்லிவிட்டு, அவள் என்ன நினைப்பாளோ என்று உண்ணாமலை அவள் முகத்தையே பார்த்தாள். குஞ்சம்மாள் மகனுடைய உறையை மடியில் வைத்துக்கொண்டாள். மற்றதை எடுத்துத் தன் கையாலேயே மருமகளிடம் கொடுத்தாள்.

“இத வெச்சிக்கினு நான் வீட்ல இருக்கேன். அவன் வந்தா நான் சொல்லிக்கிறேன். நீ போயிட்டு வாம்மா. நாலு நாள் முன்னாடியே போ.”

பங்குனியில் ரஞ்சிதம் அவ்வாறே நான்கு நாள் முன்னதாக வந்தாள். பந்தல் வாயிலில், வீட்டுக்காரர் வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். அவருக்குத் தனியாக அழைப்பு வைத்திருக்கிறார்கள் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். தாண்டவராயன் அன்றும் வரவில்லை, அதன்பின்னும் வரவில்லை. ஆயினும் அவனுக்காகக் காத்திருக்கும் பாரத்தை அவனைப் பெற்றவள் தன்மேல் ஏற்றுக்கொண்டமையால், ஒரு பெண் தன் உடன்பிறந்தாள் வீட்டுப் பந்தியில் வாய்விட்டுச் சிரித்து வயிறார உண்டாள். அன்பரே, அதனினும் பெரிய சீர் ஒன்றை அத்திருமணத்துக்கு எவரும் கொண்டுவரவில்லை.